மாலை நான்கு மணிக்கு அப்பா டூட்டிக்குக் கிளம்புகிறார்

காவிரிக்கரை மகள் (செவ்வாய், இரவு 10.50)

வணக்கம். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இங்கே எழுதுவதையெல்லாம் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பாவுக்கு வயது 79. கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது; அப்பா 1975இல் சேர்ந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் கும்பகோணம் - மயிலாடுதுறைத் தடம்தான். இன்றைக்கும் அவருக்கு அது மாயவரம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கணக்கு தடுமாறத் தொடங்கியது. ஒரு ரூபாய் சில்லறை பிசகினால் தூங்காத மனிதர், மளிகைக் கடையில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதி வாங்காமலே வீட்டுக்கு வந்தார். அம்மா இதையெல்லாம் எங்களிடம் சொல்லவே இல்லை. பின்னாலேயே போய் மீதியை வாங்கி வந்திருக்கிறார், அப்பா பேச்சில் தடுமாறும்போது இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்திருக்கிறார். அம்மா காலமானபோதுதான் அவர் எவ்வளவைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. பிறகு மருத்துவரிடம் காட்டினோம். அல்சைமர் என்னும் மறதி நோய் என்றார். அதற்கான டோனெபெசில் மாத்திரை இரவில் ஒன்று போகிறது.

பகலெல்லாம் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். மாலை நான்கு மணி ஆனால் அப்பா வேறு ஆளாகிவிடுகிறார். சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "நாலரை டிரிப் இருக்கிறது, பையை எங்கே வைத்தாய்?" என்று கேட்கிறார். கதவைத் திறக்காவிட்டால் தாழ்ப்பாளை உலுக்குகிறார். "அப்பா, நீங்கள் ஓய்வுபெற்று இருபது வருடமாகிவிட்டது" என்று சொன்னால் அவர் முகம் மாறிப்போகிறது. நேற்று, "என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? கலெக்‌ஷனில் குறைந்ததா? நான் கை வைக்கவில்லையே, அம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாழ்நாளில் ஒரு மெமோ வாங்காதவர்.

அம்மா எங்கே என்றும் கேட்கிறார். இறந்துவிட்டார் என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர் போல அழுகிறார். சொல்லாவிட்டால் தேடுகிறார்.

தம்பி துபாயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். அந்தப் பத்து நிமிடமும் அப்பா தெளிவாகப் பேசிவிடுகிறார், "வேலை எப்படிப் போகிறது, வெயில் எப்படி" என்று. "அப்பா நன்றாகத்தானே இருக்கிறார் அக்கா, நீதான் பயப்படுகிறாய்" என்கிறான் தம்பி.

உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். அவரிடம் உண்மையைச் சொல்வதா, ஆமாம் போடுவதா? அப்பாவிடம் நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை.

---

நெய்வேலி வாசகர் (செவ்வாய், இரவு 11.25)

அம்மா, முதலில் கதவைப் பாருங்கள். எங்கள் பெரியப்பா இப்படித்தான் ஒரு விடியற்காலையில் இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து விருத்தாசலம் ரயில் நிலையத்தில் கிடைத்தார். கையில் ஒரு சொம்பு மட்டும் இருந்தது. தாழ்ப்பாளைக் கண் பார்க்கும் உயரத்தில் வைக்காமல் கதவின் மேல் விளிம்பில் வையுங்கள். சட்டைப் பையின் உட்புறம் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதித் தைத்துவிடுங்கள். சீட்டு எழுதி வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்.

---

ஓய்வுபெற்ற செவிலி (புதன், காலை 6.10)

மகளே, உங்கள் பதிவை இரவே படித்துவிட்டேன். தூக்கம் வராததால் விடியும்போதே எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை செய்தவள். அதன் பிறகு என் மாமியாரை இதே நோயோடு ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

இந்த நோய் முதலில் கை வைப்பது மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் இடத்தில். ஹிப்போகாம்பஸ் என்பார்கள். காலையில் சாப்பிட்ட இட்லி அவருக்குப் பதிவதே இல்லை. பதியாத ஒன்றை மறந்துவிட்டார் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. ஆனால் 1975இல் ஓடிய தடம் முன்பே ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆயிரம் முறை கை செய்து பழகிய வேலை அதைவிடவும் ஆழத்தில் கிடக்கிறது. உங்கள் அப்பா டூட்டிக்குக் கிளம்புகிறார் என்றால், கடைசியாக மிச்சமிருக்கும் இடத்தில் காலூன்றி நிற்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஓய்வுபெற்றுவிட்டீர்கள் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு மாலையும் அவருக்கு அன்றுதான் வேலை போகிறது. அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அன்றுதான் அம்மா இறக்கிறார். அழுகை ஓய்ந்ததும் காரணம் மறந்துவிடும், நெஞ்சில் பாரம் மட்டும் தங்கிவிடும். அதனால்தான் சொன்ன பிறகும் மாலை முழுதும் அலைகிறார்.

அதனால் அவரிடம் பையைக் கொடுத்துவிடுங்கள். பழைய தோல்பை பரணில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதே மாதிரி ஒன்று வாங்குங்கள். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்களை டிக்கெட் அளவுக்கு வெட்டி, ஒரு முனையில் தைத்துக் கட்டாக்கிக் கொடுங்கள். கொஞ்சம் சில்லறையும் போடுங்கள். (கையில் கிடைத்ததை வாயில் போடும் நிலை வந்தால் அன்றே காசை எடுத்துவிட வேண்டும்.) "நாலரை டிரிப்" என்றால், "வண்டி இன்னும் வரவில்லை, உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். டிப்போவில் காத்திருந்து பழகியவருக்கு அது புதிதல்ல.

மூன்றரை மணிக்கே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும் நேரத்தில்தான் இவர்களுக்குக் குழப்பம் கூடுகிறது. அன்றைய களைப்பும் சேர்ந்துகொள்ளும். தேநீரும் கடிக்க ஏதாவதும் நான்கு மணிக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். அல்சைமர் என்று சொல்வதற்கு முன்பு ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் பார்த்தார்களா? தலை ஸ்கேன் எடுத்தார்களா? எப்போதாவது கீழே விழுந்தாரா? தலைக்குள் மெல்லக் கசிந்த ரத்தக்கட்டி, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாமே மறதி நோய் போலவே தோன்றும். சில, சிகிச்சையில் சரியாகும். அதுபோல, ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் பல நேரம் காய்ச்சல் காட்டாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள்கூட இவர்களைக் குழப்பிவிடும்.

---

பழைய ஆசிரியர் (புதன், காலை 9.40)

செவிலியம்மா அனுபவத்தில் சொல்கிறார். இருந்தாலும் நான் வேறுபடுகிறேன்.

என் மனைவியும் ஆசிரியர். 66 வயதில் இந்த நோய் என்று தெரிந்தது. மருத்துவர் என்னிடமும் மகனிடமும் சொன்னார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் சொல்லவில்லை. "சத்து மாத்திரை" என்று சொல்லிக் கொடுத்துவந்தோம். ஏழாவது மாதத்தில் அலமாரியில் கோப்பைப் பார்த்துவிட்டாள். முழுதும் வாசித்தாள். அப்போது அவளுக்கு வாசித்தால் புரியும். "என் தலைக்குள் நடப்பதை என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டாள். அதன்பின் நான்கு மாதம் என் கையால் மாத்திரை வாங்கவில்லை.

தன் நகை யாருக்கு என்று அவள் சொல்லியிருப்பாள். மூக்கில் குழாய் போட்டு உணவு செலுத்தும் நிலை வந்தால் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லியிருப்பாள். பின்னாளில் அந்த நிலை வந்தது. நானும் மகனும் மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுதும் நின்று முடிவெடுத்தோம். அவள் விருப்பம் என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஒரு தகப்பனை விளையாட்டுப் பைக்குள் தள்ளுவதற்கு முன் யோசியுங்கள். அவர் மரியாதையோடு வாழ்ந்த மனிதர்.

---

ஸ்காபரோ தம்பி (புதன், இரவு 8.15)

அக்கா, ஆசிரியர் ஐயா சொல்வது எனக்கு விளங்குகிறது. என் அம்மாவின் கதையையும் கேளுங்கள்.

அம்மாவுக்கு 84 வயது. சொந்த இடம் யாழ்ப்பாணத்தில் கொக்குவில். ஐம்பத்தைந்து வயதில் கனடா வந்து, பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்து, பஸ்ஸில் தனியாகப் போய்வந்தவர். நோய் வந்தபோது அந்த ஆங்கிலம்தான் முதலில் போனது. இப்போது ஒரு சொல் இல்லை.

ஒவ்வொரு மாலையும் அம்மா மூட்டை கட்டுவார். ஒரு சேலை, ஒரு சுளகு, அடையாள அட்டை என்று நினைத்து ஏதாவது ஒரு கடுதாசி. "வெளிக்கிட வேண்டும், எல்லோரும் போய்விட்டார்கள்" என்பார். அது 1995 அக்டோபர் 30. போரில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்த நாள். மழை. அம்மா அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நடந்தேன், எனக்குப் பதினொரு வயது. இங்கே ஜூலை முதலாம் திகதி, கனடா தினத்துக்கு, வாணவேடிக்கை விடும்போது அம்மா கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறார்.

தொடக்கத்தில் நான் அவரிடம், "அம்மா, சண்டை 2009இலேயே முடிந்துவிட்டது, நாங்கள் கனடாவில் இருக்கிறோம்" என்று சொல்லிப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து பனியையும் காட்டினேன். அவர் என்னை நம்பவில்லை. ஆமிக்காரரோடு சேர்ந்துவிட்டேனா என்று பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது மூட்டையை நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் இரண்டு முறை நடக்கிறேன். பிறகு நாற்காலியில் இருத்தி, "கைதடி வந்துவிட்டோம் அம்மா, இனிப் பயமில்லை" என்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் கைதடி. "எல்லோரும் வந்துவிட்டார்களா?" என்று கேட்பார். வந்துவிட்டார்கள் என்பேன். தேத்தண்ணி கேட்பார்.

ஐயா, இதை அம்மாவை ஏய்ப்பதாக நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாலத்தில் எனக்குப் பயமாக இருந்தபோது அம்மா என்னிடம் இப்படித்தான் சொன்னார்.

---

காவிரிக்கரை மகள் (வெள்ளி, அதிகாலை 3.10)

எல்லோருக்கும் நன்றி. பகலில் எழுத வேண்டும் என்றிருந்தேன். ஆனால் இதை இப்போது சொல்லாவிட்டால் என்னால் சொல்லவே முடியாது.

சற்று முன் அப்பாவை அடித்துவிட்டேன்.

மூன்றாவது முறையாக டயப்பரைக் கழற்றி எறிந்தார். விரிப்பு, போர்வை, சுவர் எல்லாம் ஈரம். மாற்றப் போனேன், என் மணிக்கட்டைத் திருகினார். நான் அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். அவர் எதிர்க்கவில்லை. சின்னப் பிள்ளை போலக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்றார். யாரிடமோ சொல்வது போல.

இப்போது தூங்குகிறார். கையில் சிவப்பாக இருக்கிறது. நான் கொல்லைப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு 54 வயது. போன வாரம் என் ரத்த அழுத்தம் 170/100 இருந்தது. கணவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு இரவுப் பணி. ஒரு முழு இரவு தூங்கி ஐந்து மாதமாகிறது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை.

---

ஓய்வுபெற்ற செவிலி (வெள்ளி, அதிகாலை 4.50)

எழுந்ததும் பார்த்தேன். நேரடியாகவே சொல்கிறேன்.

கையில் வீக்கம் இருக்கிறதா, விரல்களை மடக்குகிறாரா என்று காலையில் பாருங்கள். அவர் எழுந்ததும் மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்காது, இருந்தாலும் கேளுங்கள், உங்களுக்காக.

இது தவறுதான். தவறில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து மாதம் தூங்காத ஒருத்தியிடம் ஒரு முழு மனிதரை 24 மணி நேரமும் ஒப்படைத்தது அதைவிடப் பெரிய தவறு, அதில் உங்கள் தம்பிக்கும் பங்கு உண்டு. மருத்துவமனையில் எங்களுக்கே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்.

இன்றே இரண்டு இரவுகளுக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். கடன் வாங்கியாவது செய்யுங்கள். அந்த இரண்டு இரவும் வேறு வீட்டில் தூங்குங்கள், அதே வீட்டில் படுத்தால் காது அங்கேதான் இருக்கும். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்குங்கள்.

தம்பியிடம் விவாதம் செய்ய வேண்டாம். ஞாயிறு காலையை விட்டுவிட்டு ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். அழைப்பை வைத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். முன்பின் தெரிந்தவரிடம் பத்து நிமிடம் தெளிவாகப் பேசிவிடும் திறன் இவர்களுக்கு நெடுநாள் கொஞ்சம் இருக்கும். மருத்துவரின் முன்னாலும் அப்படித்தான் செய்வார்கள். பார்க்காமல் அவனுக்குப் புரியாது.

அவர் டயப்பரைக் கழற்றுவது பெரும்பாலும் அரிப்பினால் அல்லது ஈரத்தினால். தொடையிடுக்கில் சிவந்திருக்கிறதா பாருங்கள். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் இருந்தால் இரவில் டயப்பரே தேவைப்படாமல் போகலாம். கழிப்பறை விளக்கை அணைக்க வேண்டாம், கதவைத் திறந்தே வையுங்கள்.

---

பெயர் வேண்டாம் (வெள்ளி, காலை 7.30)

நான் என் அம்மாவை ஒரு காப்பகத்தில் சேர்த்தேன். ஊரில் "கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள்" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவரும் ஒரு இரவு வந்து உடன் படுக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன், தலை பின்னிவிடுகிறேன். இப்போது அவர் மேல் கோபமே வருவதில்லை. கையோங்கும் இடத்துக்கு வந்துவிட்டால் இதுவும் ஒரு வழி என்று நினைவில் வையுங்கள் சகோதரி. சேர்க்கும் முன் இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பகலில் காட்டுவது வேறு.

---

கோவை நெசவாளர் (வெள்ளி, மதியம் 1.20)

என் வீட்டுக்காரிக்கு ஒன்பது ஆண்டுகளாக. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

சாப்பாடு. எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்கமாட்டாள். பசியில்லை என்று நினைத்துவிட்டேன். எடை ஏழு கிலோ குறைந்தது. ஒருநாள் கல்யாண வீட்டில் வாழை இலையில் பரிமாறினார்கள், மூன்று முறை சோறு வாங்கினாள். அப்போதுதான் விளங்கியது, பளபளக்கும் தட்டில் வெள்ளைச் சோறு அவள் கண்ணுக்குத் தனியாகத் தெரியவில்லை. பச்சை இலையில் தெரிகிறது. அன்று முதல் தினமும் இலைதான். இலை கிடைக்காத நாளில் கடும் நிறத் தட்டு. ஒரு தடவைக்கு ஒரே பதார்த்தம்.

குளியல். தலையில் தண்ணீர் ஊற்றினால் அலறுவாள். இப்போது காலிலிருந்து தொடங்குகிறேன், தோளில் ஒரு துண்டு போர்த்தியே இருக்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் மறுப்பே சொல்லமாட்டாள், சின்ன வயதுப் பழக்கம். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு வெள்ளிக்கிழமை வருகிறது. ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி. அலமாரிக் கண்ணாடியில் ஒரு கிழவி வந்து நிற்கிறாள் என்று சண்டை போட்டாள். சேலை போட்டு மூடினேன், சண்டை நின்றது.

இரவுக்கு ஆள் வைத்தால் முதல் மூன்று இரவு நீங்களோ வேறு உறவோ பக்கத்து அறையில் இருங்கள். அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டாலே தெரிந்துவிடும். ஊரில் யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் 14567 முதியோர் உதவி எண், கட்டணமில்லை. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வரும் செவிலியரிடமும் கேளுங்கள். 2021இல் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். படுக்கையில் விழுந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே பார்க்கிறார்கள்.

---

வழக்கறிஞர், தஞ்சை (சனி, காலை 11.00)

ஆசிரியர் ஐயா எழுதியதில் ஒரு சட்டச் செய்தி ஒளிந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார், இனிக் கவலையில்லை என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனநலம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. எதற்காக எழுதினோமோ அந்த நாள் வரும்போது பத்திரம் செல்லாது. அதன்பிறகு வீட்டை விற்கவோ பெரிய தொகை எடுக்கவோ உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி மனுப் போட வேண்டியிருக்கும். ஆகவே நோய் தொடங்கிய நிலையில் இருப்பவர்களின் குடும்பத்தார், அவரோடு உட்கார்ந்து உயில், வங்கிக் கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம் எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் பதிவாளரை வீட்டுக்கே அழைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உயில் எழுதும் வாரத்திலேயே, அவர் புரிந்துதான் எழுதுகிறார் என்று ஒரு மருத்துவச் சான்று வாங்கி உடன் வையுங்கள்.

சகோதரிக்கு: ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழுக்கு அப்பாவை வெயிலில் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ரேகை தேய்ந்திருந்தால் முகம் காட்டியும் எடுக்கலாம்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது, மகனும் அதில் அடக்கம். உங்கள் வீட்டில் அந்தக் கதவைத் தட்டும் தேவை வராது என்றே நம்புகிறேன். தம்பியைக் கூப்பிடுங்கள்.

---

பழைய ஆசிரியர் (சனி, மாலை 5.30)

ஸ்காபரோ தம்பியின் பதிவை மூன்று முறை படித்தேன்.

என் வருத்தம் தொடக்க நாட்களைப் பற்றியது. தனக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்துகொள்ளும் அறிவு இருக்கும்வரை நோயாளியிடம் மறைக்கக் கூடாது. அதில் நான் மாறவில்லை. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அல்சைமரும் பிற வகைகளும் சேர்ந்த மறதி நோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023இல் ஆய்வு வந்தது. அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் கண்டக்டர் ஐயா அந்த இடத்தைத் தாண்டிவிட்டார். அவரிடம் ஓய்வு பெற்றதைச் சொல்லி அழ வைப்பதில் எந்த வாய்மையும் இல்லை. விளையாட்டுப் பை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

என் மனைவி கடைசி ஆண்டில் தினமும் காலையில் வருகைப் பதிவேடு கேட்பாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

---

காவிரிக்கரை மகள் (ஐந்து வாரம் கழித்து, வியாழன், மாலை 3.45)

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வீடியோ அழைப்பை அந்த வாரமே செய்தேன். சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். தம்பி ஐந்து நிமிடம் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா அவனிடம், "செக்கிங் இன்ஸ்பெக்டர் ஐயா, இன்வாய்ஸ் எழுதிக்கொண்டே இருக்கிறேன்" என்றார். பத்தாம் நாள் வந்துவிட்டான். பதினாறு நாள் இருந்தான். அவன் வந்த மூன்றாம் நாள் நான் திருச்சியில் சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு பகல் இரண்டு இரவு தூங்கினேன். திரும்பி வந்தபோது தம்பி கிணற்றடியில் அப்பாவின் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தான். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இப்போது மாதாமாதம் இரவு ஆளுக்கான பணத்தை அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசுகிறான், அப்பாவிடம் அல்ல.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மறுபடி காட்டினோம். பி12 மிகவும் குறைவு. ஊசி போடுகிறார்கள். மறதி நோய் இதனால் போகாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஆனால் கால் தள்ளாடுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று. இலையில்தான் சாப்பிடுகிறார், கோவை ஐயாவுக்கு நன்றி.

தோல்பை பரணில் இருந்தது. எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டோம். உள்ளே ஒரு விசிலும் 1998ஆம் வருடத்து டைரி ஒன்றும் கிடைத்தன. முதல் நாள் பையைத் தோளில் மாட்டியதும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. வாரை இரண்டு துளை இறுக்கினார். அம்மா தைத்துப் போட்ட பழைய டிக்கெட் கட்டு மாதிரியே நானும் நூல் போட்டுக் கட்டியிருந்தேன். அதை இடது உள்ளங்கையில் விசிறி போல விரித்து, கட்டை விரலை நாக்கில் தொட்டு ஒன்று கிழித்தார். இரண்டாகக் கிழியவில்லை, ஓரம் பிசிறவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் என்னிடம் நின்ற அதே கை.

"எங்கே?" என்று கேட்டார். ஆடுதுறை என்றேன். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருபுவனம், திருவிடைமருதூர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆடுதுறை வந்ததும் என்னை இறங்கச் சொன்னார், இறங்கினேன். குத்தாலத்துக்குக் கணவர் இருந்தார்.

எல்லா மாலையும் இப்படி இல்லை. போன திங்கட்கிழமை பையைத் தூக்கி எறிந்தார், என்னைத் திருடி என்றார், ஏழு மணிவரை ஓயவில்லை. அம்மாவை இப்போதும் கேட்கிறார். "அடுத்த வண்டியில் வருகிறார்" என்று சொல்கிறேன். சில நாள் ஒத்துக்கொள்கிறார். சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தடவுகிறார். அவருக்குத் தெரிந்துதான் தடவுகிறாரா என்று தெரியவில்லை, ஆசிரியர் ஐயா.

கை ஓங்கவில்லை. இரண்டு முறை அந்த எல்லைக்குப் போனேன், இரண்டு முறையும் கொல்லைக்குப் போய்விட்டேன்.

இரவு ஆள் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாராம். கும்பகோணம் பக்கம் நம்பகமான ஆண் பணியாளர் யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள், தூக்கிப் பிடிக்க உடல் வலு வேண்டும், அதட்டாதவராக இருக்க வேண்டும்.

மணி மூன்றே முக்கால் ஆகிறது. விளக்கைப் போட்டுவிட்டுப் பையை எடுத்து வைக்க வேண்டும்.